'வினா எழவில்லை': எங்கள் ஊர்ப் பாலம் சட்டப்பேரவை வரை போன கதை

அன்று காலை என் இ-சேவை மையத்துக்குச் சான்றிதழ் கேட்டு யாரும் வரவில்லை. ஊர்ச்சனம் இருபது பேர் என் கணினித் திரையைச் சுற்றி நின்றார்கள். சட்டப்பேரவையின் கேள்வி நேரம் நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஓடையில் உயர்மட்டப் பாலம் அமைக்க அரசு முன்வருமா என்று எங்கள் எம்.எல்.ஏ. கொடுத்த கேள்வி அன்றைய பட்டியலில் இருந்தது. எண்ணைக் கூப்பிட்டார்கள். அமைச்சர் எழுந்து, அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையின் கட்டுப்பாட்டில் இல்லை, எனவே மற்ற வினாக்கள் எழவில்லை என்று படித்துவிட்டு உட்கார்ந்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. துணைக் கேள்விக்கு எழுந்த எம்.எல்.ஏ.வுக்கு அதற்கு மேல் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பக்கத்து ஊர்ப் புறவழிச்சாலையைப் பற்றிக் கேட்டார். அதற்குப் பதில் கிடைத்தது. எங்கள் பாலம் அத்தோடு போனது.

"எழவில்லைன்னா என்னக்கா அர்த்தம்?" என்று ஒரு பையன் கேட்டான். அவர்கள் துறை இல்லை, அதனால் மேற்கொண்டு பதில் சொல்ல எதுவும் இல்லை என்று அர்த்தம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்து, எந்த அமைச்சருக்கு என்று மேலே போட்டுக் கொடுத்தது நான்தான்.

ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. ஒப்பந்தப்புள்ளி இன்னும் வரவில்லை, யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. உயர்நிலைப் பள்ளி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றும் ஓடைக்கு அந்தப் பக்கம். நடுவில் இருப்பது ஒரு தரைப்பாலம். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் அது தண்ணீருக்கு அடியில் போய்விடும், சுற்றிப் போனால் 14 கிலோமீட்டர். 2021 நவம்பர் மழையில் நான்கு நாள் அப்படிக் கிடந்தோம். அதில் ஒரு ராத்திரி என் நாத்தனாருக்குப் பிரசவ வலி கண்டது. 108 வண்டி அந்தக் கரையில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது, நாங்கள் இந்தக் கரையில் நிற்கிறோம். கடைசியில் டிராக்டரில் ஏற்றித்தான் கடந்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த இரவுக்குப் பிறகுதான் இதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

கிராம சபைத் தீர்மானம், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் மனு, முதலமைச்சர் உதவி எண் 1100 எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஒவ்வொன்றும் 'தொடர்புடைய துறைக்கு அனுப்பப்பட்டது' என்ற குறுஞ்செய்தியோடு முடிந்தது. எம்.எல்.ஏ. நிதியில் கேட்கலாமே என்பார்கள். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், தொகுதி முழுமைக்கும். எங்கள் பாலம் ஒன்றுக்கே அது போதாது. அதனால் எம்.எல்.ஏ., "பேரவையில கேட்டுடுவோம்மா, எழுதிக் குடுங்க" என்றபோது சந்தோஷமாக எழுதிக் கொடுத்தேன். ஊர் விலக்கில் நெடுஞ்சாலைத் துறையின் பலகை நிற்கிறது. அதைப் பார்த்தே வளர்ந்ததால் எங்கள் சாலையும் அவர்களுடையது என்று நினைத்துவிட்டேன். பலகை பஸ் போகும் பெரிய சாலைக்கானது. அதிலிருந்து பிரிந்து ஊருக்குள் வரும் சாலை வேறு துறை.

ஆகவே கேள்வி கொடுக்க நினைக்கிற எல்லாருக்கும் முதலில் சொல்வது இதுதான்: சாலை யாருடையது என்று காகிதத்தில் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை பக்கம். ஊராட்சி ஒன்றியச் சாலை, கிராம ஊராட்சிச் சாலை என்றால் ஊரக வளர்ச்சித் துறை. பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீர் நீர்வளத் துறையுடையது. ஒரே பாலத்தில் இரண்டு துறை இருக்கிறது. யாரிடம் கேட்கிறோம் என்பதில் தவறினால், கேள்வியில் எவ்வளவு நியாயம் இருந்தாலும் பயனில்லை.

அடுத்த வாரமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். சாலையின் வகைப்பாடு, பதிவேட்டு நகல், பாலத்துக்கு எப்போதாவது மதிப்பீடு தயாரானதா, தயாராகியிருந்தால் கோப்பு எங்கே நிற்கிறது. நான்கே கேள்விகள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தபாலில் போட்டிருக்கலாம், கையில் கொடுத்தால் சீக்கிரம் நடக்கும் என்று ஒன்றிய அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கே இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் உண்டு, வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிகளுக்கு ஒருவர். நான் போன மேசையில் இருந்தவர் மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இது எங்க பக்கம் இல்லம்மா, எதிர் ரூம்." எதிர் அறையில் இருந்தவர், "வில்லையெல்லாம் இப்ப வாங்குறதில்ல, டி.டி. எடுத்துட்டு வாங்க" என்றார். தமிழ்நாட்டில் நீதிமன்ற வில்லை செல்லும் என்பது எனக்குத் தெரியும். தினமும் நாலு பேருக்கு ஒட்டிக் கொடுப்பவள் நான். சொன்னேன். "அப்ப ஆபீசர் வரட்டும்" என்றார். ஆபீசர் மூன்றரை மணி வரை வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போன ஒரு முழு நாள் வீண்.

மறுநாள் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். தங்களைச் சேராத மனு என்றால் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று மனுவின் கடைசி வரியில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரி இருந்தால் 'எதிர் ரூம்' பேச்சுக்கு இடம் இருக்காது. 30 நாளில் பதில் வரவில்லை, முதல் மேல்முறையீடு போட்டேன். 41-ஆம் நாள் உறை வந்தது.

உள்ளே மூன்று தாள். முதல் தாளில் எங்கள் சாலை 'ஊராட்சி ஒன்றியச் சாலை' என்று பதிவேட்டில் இருந்தது. இரண்டாம் தாளைப் படித்தபோது கை நடுங்கியது. 2019-லேயே உயர்மட்டப் பாலத்துக்கு 4.6 கோடி ரூபாயில் மதிப்பீடு போட்டிருக்கிறார்கள்! எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஓடையின் அதிகபட்ச வெள்ள அளவும் தடையில்லாச் சான்றும் கேட்டு அப்போது பொதுப்பணித் துறைக்குக் கடிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை, கோப்பு அப்படியே நின்றுவிட்டது. 2021-ல் நீர்வளத் துறை தனித் துறையாகப் பிரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தைப் புது முகவரிக்கு யாரும் திருப்பி அனுப்பவே இல்லை. பணம் இல்லை என்று யாரும் மறுக்கவில்லை. ஒரு நினைவூட்டுக் கடிதம் போகாததால் நாங்கள் அத்தனை மழைக்காலம் தண்ணீரில் நின்றிருக்கிறோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சரி, இனி கேள்வியை ஒழுங்காகக் கேட்கலாம் என்று போனால், எம்.எல்.ஏ.வின் பி.ஏ. மறுத்தார். "போன தடவைதான் கேட்டாச்சேம்மா, ஒரே விஷயத்த எத்தன தடவ கேக்குறது?" அவர் கெட்டவர் இல்லை. அவர் மேசையில் என்னைப் போல் நாற்பது ஊர்க்காரர்கள் கொடுத்த காகிதம் இருந்தது. துறை வேறு, எனவே கேள்வியும் வேறு என்று அவருக்குப் புரிய வைக்க மூன்று முறை நடந்தேன். நான்காவது முறை வாயால் பேசவில்லை. ஒரே ஒரு பக்கத்தில் சாலையின் பெயர், வகை, மதிப்பீட்டுத் தொகை, கடிதத்தின் எண், தேதி, தண்ணீர் நின்ற நாள்கள் எல்லாம் பெரிய எழுத்தில் அச்சடித்து, பதிவேட்டு நகலைப் பின்னால் குத்திக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இத மொதல்லயே குடுத்திருக்கலாமே" என்றார். அன்றே கேள்வி போனது.

2024-ல் நாடாளுமன்றத் தேர்தலால், துறைவாரியாக நிதி ஒதுக்கப் பேரவையில் நடக்கும் மானியக் கோரிக்கை விவாதம் ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனது. 20-ஆம் தேதி தொடங்கி 29-க்குள் எல்லாத் துறையும் முடிந்தது. கேள்வி வரலாம் என்று சொன்னதை நம்பி, பார்வையாளர் அனுமதிச் சீட்டுக்குச் சொல்லிவைத்து நானும் ஊராட்சி அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு தங்கச்சியும் ராத்திரி பஸ் ஏறினோம். கிளாம்பாக்கத்தில் இறங்கி, மின்சார ரயிலில் கோட்டை நிலையம். செல்போனை வெளியிலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள், அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள். பார்வையாளர் மாடத்தில் உட்காரும் வரை எல்லாம் சுலபமாகவே நடந்தது. ஆனால் அது கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த வாரம். அவையில் அமளி. எங்கள் கேள்வி வரவில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று அந்த அவை முதலில் பேசவேண்டியது அந்த உயிர்களைப் பற்றித்தான். இருந்தாலும் ஊருக்குத் திரும்பி, ஓடைக்கரையில் காத்திருந்தவர்களிடம் 'இல்லை' என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. சென்னைக்குப் போவதை நம்பாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையில் வருகிறது, வீட்டிலிருந்தே பார்க்கலாம். பஸ் காசை நகல் எடுக்கவும் பதிவுத் தபாலுக்கும் வையுங்கள்.

அடுத்த கூட்டத்தொடரில் எங்கள் எண் வந்தது. இந்த முறை ஊரக வளர்ச்சித் துறைக்கு. முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: கருத்துரு பெறப்பட்டு, நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும். இந்த வாக்கியத்தைக் கேட்டு மனம் தளர்ந்துவிடாதீர்கள். அச்சிட்ட கேள்விக்கு அச்சிட்ட பதில் வரும். அதற்கப்புறம் எழுந்து கேட்கிற துணைக் கேள்வியில்தான் காரியம் இருக்கிறது. எங்கள் எம்.எல்.ஏ. அன்று என் ஒரு பக்கத் தாளைக் கையில் வைத்திருந்தார். திரையில் அது தெரிந்தது, நான் தேர்ந்தெடுத்த மஞ்சள் தாள். தலைவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டே பாதி நேரத்தைக் கரைத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். இரண்டே வரியில் அதை முடித்துவிட்டு, 2019-ல் 4.6 கோடிக்கு மதிப்பீடு இருக்கிறதே, இந்த எண்ணிட்ட கடிதத்துக்குப் பதில் வராததால்தானே கோப்பு நிற்கிறது, நீர்வளத் துறையிடம் சான்று பெற்று நபார்டு வங்கிக் கடனில் சேர்க்க முடியுமா என்று கேட்டார். ஊரகப் பாலங்கள் பலவும் நபார்டின் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதியில்தான் கட்டப்படுகின்றன என்பதால் அந்தப் பெயரையும் தாளில் எழுதியிருந்தேன். 'முடியுமா' என்று மட்டும் கேட்டால் 'பரிசீலிக்கப்படும்' என்பார்கள். கடித எண்ணைச் சொல்லிக் கேட்டால் அதிகாரிகள் மாடத்திலிருந்து உடனே ஒரு துண்டுச் சீட்டு வரும். வந்தது. அமைச்சர் அதைப் பார்த்துவிட்டு, சான்று பெற்று மண் பரிசோதனை இந்த ஆண்டே தொடங்கப்படும் என்றார்.

கடைக்குள் சத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. என் மாமியார் அழுதுவிட்டார்.

அப்புறம் செய்யவேண்டியவை இருக்கின்றன, பலரும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அந்தக் காணொளியை அன்றே இறக்கி, எங்கள் கேள்வி வந்த நிமிடத்தைக் குறித்துவைத்தேன். அவையில் அமைச்சர் 'செய்யப்படும்' என்று சொன்னால் அது உறுதிமொழி, அதைத் தொடர்ந்து பார்க்கப் பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் அசைவு இல்லாதபோது, அமைச்சர் சொன்ன தேதியையும் வார்த்தையையும் எழுதி எம்.எல்.ஏ. வழியாகவே நினைவூட்டினோம். பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது பொதுமக்களே நேராக மனு அனுப்பலாம். செய்தித்தாளில் அறிவிப்பு வரும், ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை என்று எழுதுங்கள். நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் எடுக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் சாலை, பட்டா, குடிநீர் மூன்றையும் ஒரே தாளில் எழுதித் திருப்பி வாங்கினார்கள்.

போன மாதம் தடையில்லாச் சான்று வந்துவிட்டது. சென்ற வாரம் துளை போடும் எந்திரத்தை லாரியில் கொண்டுவந்து ஓடைக்குள் இறக்கினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் பையைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று பார்க்கிறார்கள். நேற்று மூன்றாவது இடத்தில் துளை போட்டார்கள். 9 மீட்டரில் பாறை தட்டியது, தூண் நன்றாக நிற்கும் என்று அங்கிருந்த பொறியாளர் தம்பி சொன்னார். அவர் பெயர், பதவி, தேதி எல்லாவற்றையும் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.