எக்கோ நார்மல்தான், ஆனாலும்

கீழே விழுந்த பாபினைக் குனிந்து எடுத்தேன், அவ்வளவுதான். நெஞ்சு தடதடவென்று ஓட ஆரம்பித்தது. கழுத்துக்குழியில் உள்ளிருந்து யாரோ தட்டுகிற மாதிரி. பத்து நிமிஷம் கழித்து, சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றது.

குடியாத்தத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருஷம் இதே கதை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். இசிஜி நார்மல், எக்கோ என்கிற இதய ஸ்கேனும் நார்மல். "டென்ஷன்மா, நல்லா தூங்குங்க." என் மாமியார் மட்டும் நம்பவில்லை: "இன்னாடி டென்ஷன்? கழுத்து துடிக்கிறது எனக்கே தெரியுதே!"

ஒரு ராத்திரி நிற்கவே இல்லை. ஆட்டோ பிடித்துப் பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸ் வேறெதுவும் கேட்காமல் முதலில் இசிஜி எடுத்தார். துடிப்பு நிமிஷத்துக்கு 188. ஓட்டத்தை நிறுத்த அடினோசின் என்கிற ஊசி போட்டார்கள். சில நொடி உயிரே நழுவுகிற மாதிரி இருந்தது, அப்புறம் 84.

அந்த இசிஜி தாளைப் பார்த்துத்தான் வேலூர் டாக்டர் விளக்கினார். எக்கோவில் தெரிவது இதயத்தின் சுவரும் வால்வும். என் கோளாறு கரண்ட் ஓடுகிற பாதையில். மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கும் இடத்தில் எனக்கு இரண்டு வழி. ஒன்று வேகமான வழி. ஆனால் ஒருமுறை கரண்ட் போனதும் ரயில்வே கேட் மாதிரி மூடிக்கொள்ளும், திறக்க நேரமாகும். இன்னொன்று மெதுவான சந்து, சீக்கிரம் திறந்துவிடும். நேரத்துக்கு முன்பே ஒரு துடிப்பு வந்தால் கேட் மூடியிருக்கும். அது சந்து வழியே இறங்கும். அடியில் போய்ச் சேர்வதற்குள் கேட் திறந்திருக்கும், அதன் வழியே மேலேறி மறுபடி சந்துக்குள். சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு. இதைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன். மூன்று வருஷம் என் மனசைத்தானே குற்றம் சொன்னார்கள்!

இப்படி நெஞ்சு ஓடுகிற எல்லோருக்கும் இதே காரணமில்லை. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு கூடுதல் இணைப்பு இருக்கும், சிலருக்கு ஒரே ஒரு புள்ளி தானாகத் துடிப்பைக் கிளப்பும்.

எனக்குத் தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் விட்டு, துடிப்பை வேண்டுமென்றே ஓடவைத்துப் பார்த்து, அந்த மெதுவான வழியைச் சுட்டு அடைத்தார்கள். நல்ல பாதையும் பக்கத்திலேயே இருப்பதால், அதிலும் சூடு பட்டுவிட்டால் அபூர்வமாகப் பேஸ்மேக்கர் (துடிப்பைத் தூண்டும் கருவி) வைக்க நேரலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

உங்களுக்கும் இப்படி ஓடினால், ஓடும்போதே இசிஜி எடுக்கச் சொல்லி அடம்பிடியுங்கள். அந்தத் தாளை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் கறுத்துவிடும். ஜெராக்ஸ் கடைத் தம்பி சொல்லித்தான் என்னுடையது தப்பியது.