கோப்பியில் கழுவிய மூன்று சுருள்கள்

பெரியப்பாவின் பென்ராக்ஸ் கே1000 கமரா என் கைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமுக்குப் பிரச்சினையில்லை. லண்டனிலிருந்து வரும் மச்சாள் கென்ற்மியர் 400 சுருள் நாலைந்தைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்து தருவா. (பெரிய பெட்டிக்குள் போட வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன், விமான நிலைய ஸ்கானர் பிலிமைக் கெடுத்துவிடும்.) எடுத்த பிலிமைக் கழுவி படத்தைத் தெரியவைக்கிற மருந்துதான் (டெவலப்பர் என்பார்கள்) இங்கே கிடைப்பதில்லை.

ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் பழைய ஸ்ரூடியோ வைத்திருந்த ஐயா ஒருவரிடம் கேட்டேன். "தம்பி, டெவலப்பர் வாங்கிற ஆக்கள் மூன்று பேர்: நாங்கள், எக்ஸ்ரே எடுக்கிறவை, அச்சகக்காரர். மூன்று பேரும் டிஜிற்றலுக்குப் போயிட்டினம். இனி ஆருக்காகக் கொழும்பில இருந்து இறக்கிறது?" என்றார். எனக்கு அது பெரிய வெளிச்சமாக இருந்தது. எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர் ஒருநாளும் அந்தக் கடைகளைத் தாங்கியதில்லை. எக்ஸ்ரே அறையும் அச்சகமும் வாங்கியதில் மிஞ்சியதைத்தான் நாங்கள் வாங்கியிருக்கிறோம்.

சரி, அதே இரசாயனம் வேறு பெயரில் வேறு கடையில் இருக்குமா என்று தேடத் தொடங்கினேன். 1995இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரு வகுப்பு கோப்பியால் பிலிம் கழுவும் முறையைக் கண்டுபிடித்தது. கபினோல் என்பார்கள். வேலை செய்வது கபீன் அல்ல, கோப்பியில் உள்ள கபேயிக் அமிலம். வீட்டில் இடித்த தூள் வண்டல் விடும். உடனடிக் கோப்பிதான் வேண்டும், அதுவும் மலிவானதே நல்லது. அரை லீற்றர் தண்ணீருக்குக் கோப்பி 20 கிராம், நீரற்ற சலவைச் சோடா 27 கிராம், விற்றமின் சி 8 கிராம். பாமசியில் 500 மில்லிகிராம் மாத்திரை 16 வாங்கி இடித்து, துணியில் வடித்தேன்.

சலவைச் சோடா கிடைக்கவில்லை. கேட்ட கடையெல்லாம் சவர்க்காரத்தூளை நீட்டினார்கள். அப்பச்சோடாவும் சோடாதானே என்று அதையே போட்டேன். முதல் சுருள் கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்தது. ஓரத்தில் நிறுவனம் பதித்திருக்கும் எண்கள்கூட இல்லை. எண்கள் வந்து படம் மட்டும் இல்லையென்றால் கமராவில் பிழை. எண்களும் இல்லையென்றால் மருந்தில் பிழை. 36 படம் போனது. அதில் நெடுந்தீவுப் பயணம் முழுவதும் இருந்தது, இன்னும் மனம் ஆறவில்லை.

அப்பச்சோடாவின் காரம் போதாது. ஆனால் அதைச் சூடாக்கினால் நீரும் காபனீரொட்சைட்டும் பறந்து சலவைச் சோடாவாகிவிடும். சில்வர் தாச்சியில் (அலுமினியம் கூடாது, காரம் அரிக்கும்) மெல்லிய நெருப்பில் முக்கால் மணி நேரம் கிளறினேன். 100 கிராம் போட்டால் 63 கிராம் மிஞ்ச வேண்டும். தராசில் 64 காட்டியது. அந்த 64ஐப் பார்த்தபோது வந்த சந்தோசம் பெரியது.

கழுவிய படம் வெளிச்சத்தில் கெடாமல் நிலைக்கச் செய்யும் பிக்ஸருக்கு வேண்டிய ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேற்று, கலர் மீன் கடையில் இருந்தது! தொட்டித் தண்ணீரில் குளோரின் எடுக்கப் போடும் பளிங்கு அதுதான். அரை லீற்றருக்கு 125 கிராம். கரையும்போது ஜாடி கையில் குளிர்ந்துகொண்டே போகும், பத்துப் பாகை அளவுக்கு இறங்கும். ஆகவே முதல்நாளே கரைத்துவைப்பது நல்லது. வெட்டிய பிலிம் முனையை அதற்குள் போட்டேன், மூன்றரை நிமிடத்தில் தெளிந்தது. அதன் இரு மடங்கு, ஏழு நிமிடம் பிக்ஸ் செய்தேன்.

20 பாகையில் 15 நிமிடம் என்பது குறிப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் 29. மண்பானையில் இரவு முழுக்க வைத்து, ஐஸ் பைக்கற் ஒன்றும் வெளியே சுற்றி 24க்குக் கொண்டுவந்தேன், 11 நிமிடம் கழுவினேன். இரண்டாம் சுருளில் படம் வந்தது. கிணற்றடியில் வாளியோடு நிற்கும் அம்மம்மா, கண்ணாடி வரைக்கும் தெளிவு. ஆனால் காய்ந்தபின் வெள்ளைப் பொட்டுகள். சுண்ணாம்புக்கல்லில் ஊறிவரும் எங்கள் தண்ணீர் சட்டியில் படிவதுபோல் பிலிமிலும் படிந்துவிட்டது. மூன்றாம் சுருள் இருந்த டப்பாவில் கிணற்றுத் தண்ணீரை மாற்றி மாற்றி நிரப்பி, ஐந்து, பத்து, இருபது தரம் கவிழ்த்து அலசி, கடைசி அலசலுக்கு மட்டும் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் எடுத்தேன். ஒரு பொட்டும் இல்லை.

மருந்து இப்படி ஊருக்குள்ளேயே கிடைத்துவிட்டது. பிரின்ற் போடும் தாளுக்கு மட்டும் எந்தக் கடையிலும் மாற்றுப் பெயர் இல்லை. கொடக் கறுப்பு வெள்ளைத் தாளை 2005இலேயே நிறுத்திவிட்டது. இல்போர்ட் இன்னும் செய்கிறது, ஆனால் இங்கே வருவதில்லை. ஸ்ரூடியோ ஐயா தந்த பழைய பைக்கற்றில் ஒன்பது தாள் இருக்கிறது. சனிக்கிழமை இருட்டியதும் ஒன்றை எட்டுத் துண்டாக வெட்டி, அம்மம்மாவின் படத்துக்கு எத்தனை செக்கன் வெளிச்சம் என்று பார்க்கப்போகிறேன். மற்ற எட்டும் மூடிய உறையிலேயே இருக்கட்டும்.