‘பற’ முடித்த பிள்ளைகளுக்கு அடுத்து என்ன?

ஜூன் 18, 2025, புதன்

பள்ளி திறந்ததும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பின் நூலகப் பாடவேளைக்காகப் பீரோவைத் திறந்தேன். ஒரு தட்டில் நரியும் காகமும் பேசும் கதைகள். அடுத்த தட்டில் தடித்த நாவல்கள், போட்டித் தேர்வு வழிகாட்டிகள். பதினான்கு வயதுக்கு என்று எதுவும் இல்லை.

தமிழக அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக அமைந்தவை. எழுத்துக்கூட்டித் திணறிய பிள்ளைகள் அவற்றால் சரளமாக வாசிக்கிறார்கள். அதற்கே கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ‘பற’ முடித்த பிள்ளையின் கையில் அடுத்து எதைக் கொடுப்பது? இந்த ஆண்டு என் மனம் முழுக்க இந்தக் கேள்விதான்.

ஜூலை 2, புதன்

மாலையில் தக்கலை போகும் வழியில் கிளை நூலகத்தில் இறங்கினேன். நூலகர் அக்கா சொன்னார்: “டீச்சர், ‘குழந்தைகள் பகுதி’ என்று பலகை மாட்டிய இடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் உட்காரவே மாட்டான். அவன் தம்பி உட்காரும் இடம் அது.” அதனால் அந்த வயதினருக்கு ஏற்றவற்றைப் பிரித்தெடுத்து, நாளிதழ் மேசையை ஒட்டி, அட்டை தெரியும்படி வைத்திருக்கிறார். கிரிக்கெட் செய்தி பார்க்க வரும் பையன்களின் கை தானாக அங்கே போகிறதாம்.

அமெரிக்க நூலகர் சங்கத்தில் இந்த வயதினருக்கென்று 1957இலேயே தனிப் பிரிவு வந்துவிட்டது. எஸ். ஈ. ஹின்டன் என்ற பெண் பள்ளியில் படிக்கும்போதே எழுதத் தொடங்கிய ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. ஆசிரியர்கள் அதை வகுப்பறைக்குள் கொண்டுபோனார்கள். நம்மிடையேயும் அப்படி எழுதும் பிள்ளைகள் வர வேண்டும். அதுவரை பெரியவர்களுக்கான நாவல்களில் இவர்களுக்கு உகந்ததைத் தேடி எடுப்பது நம் வேலை.

ஜூலை 16, புதன்

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ எடுத்துப் போனேன். 1964இல் வந்த நாவல். நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பனைகளுக்கு நடுவே நடக்கும் கதை. வளர்ந்ததும் வீட்டுக்குள்ளேயே இருத்தப்படும் லிஸியின் கதை.

வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். பனையேற்றம் வந்ததும் கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான். வகுப்பில் வாயே திறக்காதவன். “எங்கள் தாத்தா பனையேறினவர், டீச்சர்.” “சொல்லு மக்கா” என்று புத்தகத்தை மூடி வைத்தேன். பாளையை எப்படிச் சீவ வேண்டும், அக்கானி (பதநீர்) புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது, பாட்டி அதைக் காய்ச்சிக் கூப்பனிப் (பாகு) பதம் பார்ப்பது என்று கையை அசைத்து அசைத்துச் சொன்னான். எல்லோரும் அவன் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

லிஸியை இனி வெளியே விடமாட்டார்கள் என்று தெரியும் இடத்தில் வாசிப்பை நிறுத்தினேன். “ஏன் டீச்சர் விடமாட்டார்கள்?” என்று பெண்பிள்ளைகள் கேட்டார்கள். பதில் சொல்லவில்லை, புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். யார் முதலில் எடுப்பது என்று ஒரே போட்டி.

ஆகஸ்ட் 6, புதன்

ஆசிரியர் அறையில் ஒரு வாக்குவாதம். ‘புத்தம் வீடு’ போலக் காதல் வரும் நாவலை ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுக்கலாமா என்று மூத்த ஆசிரியர் கேட்டார். அவருடைய அக்கறை உண்மையானது; பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு பேசுவோம் என்று ஒரு பிரதியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

வாசித்ததற்கு அத்தாட்சியாகக் கதைச்சுருக்கம் எழுதி வாங்கச் சொன்னார் இன்னொருவர். இதற்கு மட்டும் நான் இணங்க மாட்டேன். சுருக்கம் எழுத வேண்டும் என்று சொன்ன அன்றே பிள்ளைகள் இருப்பதிலேயே மெல்லிய புத்தகமாகத் தேடத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பதிலாகப் பீரோவின் கைப்பிடியில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்து வாசிக்கப்போகிறவருக்கு யாரும் ஒரு வரி எழுதலாம். பெயர் போட வேண்டாம், மதிப்பெண் கிடையாது. “ஆரம்பத்தில் ஆட்கள் நிறைய, குழம்பாதே, பிறகு விடமாட்டாய்” என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். எந்த மதிப்புரையும் இதைவிட நன்றாக ஒரு புத்தகத்தைக் கைமாற்றிவிடாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் நினைவாக நூலகர் நாள். 1931இல் அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளை அக்கா சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது விதி. வகுப்பு முழுவதற்கும் ஒரே புத்தகம் என்ற பள்ளி வழக்கத்துக்கு இது நேர் எதிர். அக்காவும் நானும் பெயர் பெயராகப் பேசினோம். கடலோரத்திலிருந்து வரும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ என்று முடிவானது.

பனையேறியின் பேரன் ‘புத்தம் வீட்டை’ப் பாதியில் திருப்பித் தந்துவிட்டான். கதை வேண்டாமாம், பனையைப் பற்றியே புத்தகம் வேண்டுமாம். அக்கா தேடி இரண்டு எடுத்து, என் அட்டையில் பதிந்து கொடுத்தார். அவனுக்கே ஓர் அட்டை இருப்பது நல்லது. படிவத்தில் அவன் அப்பா கையெழுத்துப் போட வேண்டும், நாளை கொடுத்தனுப்புகிறேன்.