வாரிசுச் சான்றிதழில் இருந்த நான்காவது பெயர்

கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதமே வீடு பார்க்கக் கிளம்பிவிட்டோம். வட சென்னையில், புது வண்ணாரப்பேட்டையில் 11,000 ரூபாய் வாடகைக்கு ஒரு சிங்கிள் பெட்ரூம், பைக்கை எங்கே நிறுத்துவது என்று ஹவுஸ் ஓனரோடு தினமும் ஒரு பேச்சு. இவருக்கு ஒரு கன்டெய்னர் யார்டில் டாக்குமென்டேஷன் வேலை, எனக்கு ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில் பில்லிங். இரண்டு சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால் கடன் கிடைக்கும் என்று தெரிந்ததும், வாடகையாகப் போகிற காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஈ.எம்.ஐ. கட்டினால் என்ன என்று தோன்றிவிட்டது.

சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி தெற்கே கூடுவாஞ்சேரிப் பக்கம் போகச் சொன்னார்கள். "அதே காசுக்குப் பெரிய வீடா கிடைக்கும், இந்த லாரியும் புகையும் எதுக்கு?" அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஆலைகள் இருக்கிற மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் ராத்திரியில் ஜன்னலைச் சாத்தித்தான் ஆகவேண்டும், டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டிக்கொண்டு இவர் வீடு வந்து சேருகிறவரை எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் எங்கள் இரண்டு பேர் வேலையும் இங்கே, அம்மா அப்பா காசிமேட்டில், இவர் வீடு கொருக்குப்பேட்டையில். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு போக்குவரத்தும் முன்பு போல இல்லை. எங்கள் ஊரை விட்டு நாங்கள் எதற்குப் போகவேண்டும் என்பதில் ஆரம்பத்திலிருந்தே எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர் என்று ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் இதற்கே போயின. ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டது. தண்ணீர் நிற்குமா என்று புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை, எதிர்வீட்டில் கேட்கவேண்டும். கொடுங்கையூரில் ஒரு தரைத்தள வீட்டைக் காட்டி "இந்தத் தெருவுல தண்ணியே நிக்காதும்மா" என்றார் புரோக்கர். வெளியே வந்து பார்த்தால் கரண்ட் மீட்டர் பெட்டி என் தலை உயரத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே, இடுப்பளவில், சிமென்ட் வைத்து அடைத்த நான்கு ஆணி ஓட்டைகள், பெட்டி முன்பு அங்கேதான் இருந்திருக்கிறது. தெருமுனையில் இட்லி விற்கிற அக்காவிடம் கேட்டேன். 2015-லும் தண்ணீர், 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர், "மூணு நாள் மொட்டை மாடியிலதான் சோறு பொங்கினோம்" என்றார். அதோடு தரைத்தளம் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

ஆனி மாதம் திருவொற்றியூரில் அந்த ஃபிளாட்டைப் பார்த்தோம். முதல் மாடி, கிழக்கே ஜன்னல், சாயங்காலம் ஆனால் கடற்காற்று நேராகக் கூடத்துக்குள் வந்தது. விற்பவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பா 1994-ல் வாங்கிய வீடு, அவரும் இல்லை, அம்மாவும் இல்லை, "நாங்க ரெண்டு பேர்தான், பிரிச்சுக்கப் போறோம்" என்றார்கள். அவர்கள் இவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது நான் சமையலறையைப் பார்க்கப் போனேன். கதவு நிலையில் பென்சில் கோடுகள். பிள்ளைகளைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் குறிப்போம் இல்லையா, அது. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் தேதி. வரிசை மட்டும் மூன்று இருந்தது. மூன்றாவது வரிசைதான் ரொம்பத் தாழ்வாக ஆரம்பித்தது, என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. யாராவது அத்தை பையனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கே ஐம்பதாயிரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தோம்.

அதற்கு முன்பே வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி., பார்த்திருந்தோம். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், நாங்களும் ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம். அப்பா வாங்கிய 1994 பத்திரம் மட்டும் இருந்தது, அடமானம் இல்லை, வேறு எதுவும் இல்லை. 'வில்லங்கம் இல்லை' என்றால் சுத்தமான வீடு என்றுதான் நினைத்தோம். இவர் நாள் முழுக்க காகிதம் சரிபார்க்கிற வேலை செய்கிறவர், இவருக்கே அதற்கு மேல் தோன்றவில்லை.

வங்கியின் வக்கீல்தான் வாரிசுச் சான்றிதழைக் கேட்டார். புரோக்கர் அதைக் கொடுக்கவே இரண்டு வாரம் இழுத்தார். தாசில்தார் கொடுத்த அந்த ஒரே தாளில் மனைவி, இரண்டு மகன்கள், அதற்குக் கீழே ஒரு மகள். கதவு நிலையில் பார்த்த மூன்றாவது வரிசை அவளுடையது.

வக்கீல் பொறுமையாகச் சொன்னார். ஈ.சி.யில் வருவது பதிவு செய்த பத்திரங்கள் மட்டும்தான். ஒருவர் இறந்துபோவதை யாரும் பத்திரமாகப் பதிவு செய்வதில்லை, அதனால் அவருடைய சாவினால் யார் யாருக்குப் பங்கு வந்தது என்பது அதில் தெரியவே தெரியாது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. அம்மாவும் உயில் எழுதாமல் இறந்துவிட்டதால் இப்போது மூன்றில் ஒரு பாகம் அந்தப் பெண்ணுடையது. அவர் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தரவேண்டும். இரண்டும் இல்லாமல் வாங்கினால் நாளைக்கு அவர் வழக்குப் போட்டால் நியாயம் அவர் பக்கம்தான்.

அண்ணனிடம் கேட்டோம். "அதுக்குத்தான் கல்யாணத்துக்கு எல்லாம் செஞ்சாச்சே, சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, அவளுக்கு இதுல என்ன இருக்கு?" எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். புரோக்கர் வேறு, ஒரு அபிடவிட் எழுதி வாங்கிவிடலாம், வேறு வங்கியில் கேட்டால் இவ்வளவு பார்க்கமாட்டார்கள் என்றார். இவர் என் முகத்தைப் பார்த்தார். "வேணாம்மா, விட்ரலாம்." எனக்கு அந்த ஜன்னல் மேல் அவ்வளவு ஆசை. ஆனால் முழங்கால் உயரத்தில் ஆரம்பித்த அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அந்தச் சமையலறையில் என்னால் நிற்க முடியும் என்று தோன்றவில்லை. டோக்கன் பணம் இரண்டு தவணையாக, நிறைய போன் கால்களுக்குப் பிறகு திரும்பி வந்தது.

ஆடி போய் ஆவணி போய், ஐப்பசியில் நல்ல மழைக்கு நடுவே இப்போதைய வீட்டைப் பார்த்தோம். மழையில் பார்த்தது நல்லதாகப் போயிற்று. காலடிப்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம், இரண்டாவது மாடி, 615 சதுர அடி, 1998-ல் கட்டிய கட்டடம், மொத்தமே ஆறு வீடு. போர் தண்ணீர் உப்பு, கடலோரம் என்பதால் அது அப்படித்தான், குடிக்கவும் சமைக்கவும் மெட்ரோ வாட்டர். ரிட்டயர்டான ஒரு டீச்சர், அவரே தன் சம்பளத்தில் தன் பெயரில் வாங்கியது. பத்திரம், மூலப்பத்திரம், வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார், எதைக் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுத்தார்.

விலை 40 லட்சம். வங்கி 80 சதவீதம் கொடுக்கும், அதாவது 32 லட்சம். மீதி 8 லட்சம் நம் கையிலிருந்து என்றுதான் கணக்குப் போடுவோம், அங்கேதான் இடிக்கும். பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதுவே 3,60,000 ரூபாய், அதற்குக் கடன் கிடையாது. புரோக்கர், வக்கீல், வங்கியின் செலவுகள் எல்லாம் தனி. என் நகையில் பாதி அடகுக்குப் போயிற்று, அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தாள். 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு மாதம் 27,770 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 66 லட்சத்தைத் தாண்டும். அந்தக் கணக்கை இவர் ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பத்திரத்தில் யார் பெயர் என்ற பேச்சு அப்புறம் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அதில் கேள்வியே இல்லை. இவருடைய அம்மா, என் அத்தைதான், "பையன் பேர்ல இருந்தா போதாதா, ஒரே குடும்பம்தானே" என்றார்கள். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்று யாரோ சொன்னதையும் சொல்லிப் பார்த்தேன், ஆனால் அது 10 லட்சத்துக்குள் இருக்கிற சொத்துக்குத்தான், எங்களுக்கு வராது. அதனால் உள்ளதையே சொன்னேன். "அத்தை, ஈ.எம்.ஐ.யில பாதி என் சம்பளத்துலேர்ந்து போகுது. நாளைக்கு நான் இந்த வீட்ல யாருன்னு ஒரு காகிதம் சொல்லணும் இல்லையா?" பிறகு அந்தப் பென்சில் கோட்டுக் கதையையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"நானும்தான் போட்டேன் கையெழுத்து. எங்கண்ணனுங்களுக்கு. எங்கப்பா காரியம் முடிஞ்ச பதினாறாம் நாள். ஒரு பட்டுப்பொடவை எடுத்துக் குடுத்தாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சுக்கூடக் காட்டலை" என்றார்கள். அதன்பிறகு பெயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தை பிறந்ததும் பதிவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவரை இரண்டு மணி நேரம், அப்புறம் விரல் ரேகை, சின்ன கேமராவில் ஒரு போட்டோ, சாட்சிகள் கையெழுத்து, வங்கியிலிருந்து வந்தவர் காசோலையை டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் சாவிக்கொத்தை என்னிடம்தான் தந்தார், "மாடிக் கதவு கொஞ்சம் இறுக்கம், தூக்கித் தெறக்கணும்" என்று சொல்லிவிட்டு.

அசல் பத்திரம் வங்கியில். எங்களிடம் இருப்பது ஜெராக்ஸ். பால் காய்ச்சின அன்று எல்லோரும் போனபிறகு அத்தை அதைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். என் பெயர் வந்த இடத்தில் நிற்காமல் போய்விட்டார்கள். நின்றது சொத்து விவரத்தில்.

"பிரிபடாத பாகம் 290 சதுர அடின்னு போட்டிருக்கே, அது எங்க இருக்கு?"

கட்டடம் நிற்கிற மனையில் ஆறு வீட்டுக்கும் பங்கு இருக்கிறது, அதில் நம் பங்கு அது, இன்ன இடம் என்று கோடு போட்டுப் பிரிக்கவில்லை, அதனால்தான் அந்தப் பெயர் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு மெல்ல மாடிப்படி இறங்கினார்கள். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், காம்பவுண்டுக்குள் தண்ணீர்த் தொட்டிக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இதுலயும் கொஞ்சம் இருக்குமா?" என்று கீழேயிருந்து கேட்டார்கள்.

"இருக்கு அத்தை" என்றேன்.