சாவியை மட்டும் திருப்பிப் பாத்தன்: டீசல் காரில விடாமல் வந்த மஞ்சள் லைட்

மூண்டு மாசமா இந்த மஞ்சள் எஞ்சின் லைட் வாறதும் போறதுமா எனக்கு விசர் பிடிச்சுது. ஜப்பானில இருந்து வந்த 2.2 டீசல் கார். ஓட்டம் பெரிசா ஒண்டுமில்லை, கொக்குவிலில இருந்து யாழ்ப்பாணம் டவுன், பிள்ளையளை ஸ்கூலில விட்டு ஏத்திறது, வெள்ளியில நல்லூர், அவ்வளவுதான்.

முதல் போன கராச்சில ஸ்கேனரைக் குத்தி பிழை நம்பரை (கோட்) அழிச்சுப்போட்டு "இனி வராது தம்பி" எண்டார். மூண்டாம் நாள் வந்திட்டுது. அடுத்த இடத்தில ஈஜிஆர் வால்வை, புகையில கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள்ள விடுற வால்வு, கழட்டிக் கழுவிச்சினம், கரி பாதி அடைச்சுக் கிடந்தது உண்மைதான், ஆனா லைட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை எண்டது காசு குடுத்தாப்பிறகுதான் விளங்கிச்சு. மூண்டாவது ஆள் டிபிஎஃப்பை (புகையில வாற கரியைப் பிடிக்கிற பில்டர்) வெட்டி உள்ளுக்கு இருக்கிறதை இடிச்சு எடுத்திட்டு கம்பியூட்டரில ஆஃப் பண்ணிவிடுவம் எண்டார். எனக்கு மனம் வரேல்லை, பின்னால வாற சைக்கிள்காரன்ர மூஞ்சையில கரியை ஊதிக்கொண்டு திரியவோ?

பேந்து போனோட வேலை செய்யிற சின்ன புளூடூத் ஸ்கேனர் ஒண்டு நானே வாங்கினன். கோட் பி2453. டிபிஎஃப் பிரஷர் சென்சர் சொல்லுற கணக்கு பொருந்தேல்லை எண்டு அர்த்தம். இந்த சென்சருக்கு ரெண்டு ஹோஸ் வருது, ஒண்டு பில்டருக்கு முன்னுக்கு இருந்து, மற்றது பின்னுக்கு இருந்து. கரி கூடக் கூட ரெண்டுக்கும் இடையில பிரஷர் வித்தியாசம் கூடும், அதைப் பாத்துத்தான் எஞ்சின் கூட டீசல் அடிச்சு 600 டிகிரி அளவில கரியை எரிக்கும்.

அப்ப எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினால் வித்தியாசம் பூச்சியத்துக்குக் கிட்ட நிக்கவேணும்தானே? எனக்கு 4 கிலோபாஸ்கல் காட்டுது! ஹோஸில அடைப்பு இருக்குமோ எண்டு ரெண்டையும் கழட்டினன், ஒண்டை வாயில வைச்சு ஊதப்போய் சொண்டெல்லாம் கரி, மனுசி பாத்திட்டு ஒண்டும் சொல்லாமல் உள்ளுக்குப் போட்டா. காத்து வடிவாப் போகுது. ரெண்டு ஹோஸும் இல்லாமல் சென்சர் சும்மா காத்தில நிக்கேக்கையும் அதே 4. அப்ப பிழை சென்சரிலதான்.

அதோட இன்னொண்டும் விளங்கிச்சு. கொஞ்ச நாளா ஒவ்வொரு 60, 70 கிலோமீற்றருக்கும் ஐடில் கூடி, நிப்பாட்டினாப்பிறகும் ஃபான் ஓடி, ஒரு எரிஞ்ச மணம் வாறது. சென்சர் பொய் சொல்ல, பில்டர் நிரம்பிட்டுது எண்டு நினைச்சு கார் சும்மா சும்மா எரிச்சிருக்கு. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாத்தால் ஓயில் ஃபுல் கோட்டுக்கு மேல ஒரு விரல் நிக்குது, மணந்தால் டீசல். எரிக்க அடிச்ச டீசல் ஓயிலுக்குள்ள இறங்கியிருக்கு. ஓயில் குறைஞ்சால்தான் பயம் எண்டு இருந்தன், இப்பிடி டீசல் கலந்து கூடினாலும் எஞ்சினுக்கு ஆபத்து, இதை ஒரு கராச்சிலயும் பாக்கேல்லை எண்டதுதான் எனக்குக் கோவம்.

சென்சர் இஞ்சை கிடைக்கேல்லை. மச்சான் கொழும்பில பஞ்சிகாவத்தையில, வாகன சாமான் கடையள் இருக்கிற இடம், ஒண்டு எடுத்து இரவு பஸ்ஸில போட்டுவிட்டார், யூஸ்ட் சாமான்தான். பூட்டமுதல் கையில வைச்சே வயரைக் குடுத்துப் பாத்தன், 0. பூட்டி, ஸ்கேனரால பழைய கணக்கை ரீசெட் பண்ணி (இதைச் செய்யாட்டி எஞ்சின் பழைய கணக்கிலயே நிக்கலாம்), டிபிஎஃப் வண்டிக்கெண்டு வாற சாம்பல் குறைஞ்ச ஓயிலும் மாத்தினன்.

அடுத்த ஞாயிறு விடிய ஏ9இல ஆனையிறவு மட்டும் ஓடினன். 70க்கு மேல போகேல்லை, பொலிஸ் நிக்கும். பளை தாண்டேக்க போனில எக்ஸோஸ்ட் சூடு மளமளவெண்டு ஏறி 600ஐத் தொட்டுது, நான் நிப்பாட்டாமல் உப்பளம் தெரியிற வரைக்கும் ஒரே சீரா மிரிச்சுக்கொண்டு போனன், பேந்து தானா இறங்கிச்சு.

இப்ப ஐஞ்சு கிழமை. கடைசியா எரிச்சு 340 கிலோமீற்றர் ஓடியாச்சு, இன்னும் அடுத்தது வரேல்லை. ஓயிலும் கோட்டிலயே நிக்குது. வரி லைசன்சுக்குப் புகை டெஸ்ட் அடுத்த மாசம்.