பழைய போலருக்குப் புது அச்சு

கனடாவுக்கு வந்த புதிதில் எவரும் சீக்கிரமே கண்டுகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. இங்கே சாமான் மலிவு, அதைப் பூட்டித் தருகிற ஆளின் கூலிதான் யானை விலை. குழாய் ஒழுகினால் உள்ளே போடுகிற வாஷர் சில்லறைக் காசு. பிளம்பர் வாசல்படி ஏறினாலே நூறு டொலரைத் தாண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய கராஜில் கார் நிற்பதில்லை. சுவர் முழுக்கச் சுத்தியல், குறடு என்று வேலை ஆயுதங்கள் தொங்கும், நடுவில் ஒரு வேலை மேசை இருக்கும். ஓய்வுபெற்ற கிழவர்கள் சும்மா பொழுதுபோக்குக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் எனக்குப் பட்டது. வாகனத்துக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே படுக்கிற ஒரு 1974ஆம் ஆண்டுப் போலர் ட்ரெய்லரை வாங்கி, அதன் சில்லுகளைத் தாங்கும் அச்சை மாற்ற விலை கேட்டபோது அந்த ஆயுதங்களின் கணக்கு விளங்கியது. அச்சின் விலையை விட, அதைப் பூட்டும் கூலி கூட.

ட்ரெய்லர் ஏன் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கட ஆக்கள் பார்க்குக்குப் போகிற விதம் தெரிந்ததுதானே. சாண்ட்பாங்க்ஸ் ஏரிக்கரைக்கோ பிரெஸ்கீலுக்கோ நாலு வான் வண்டியில் விடியவே கிளம்புவோம். சோறு, கோழிக்கறிச் சட்டி, பார்பிக்யூ அடுப்பு, வொலிபோல் வலை எல்லாம் போகும். இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு திரும்பிவிடுவோம். இரவு தங்குகிற பேச்சே கிடையாது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிள்ளைகளுக்கு இது போதவில்லை. கூடப் படிக்கிறவர்கள் கூடாரத்தில் படுத்த கதையும் லூன் பறவை இரவில் கத்திய கதையும் சொல்கிறார்களாம். கூடாரம் வாங்கினோம். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நிலத்தில் படுத்தால் எழும்ப இரண்டு பேர் வேண்டும். அம்மாவை வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போக மனைவிக்கு மனமில்லை. ஆகவே கட்டில் உள்ள ஏதாவது வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஒரு பழைய சியென்னா வான். அது இழுக்கக்கூடிய எடையில், எங்கள் காசுக்குள் அடங்குவது போலர்தான்.

போலர் இந்த நாட்டுச் சரக்கு. 1968இல் வினிபெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் செய்யத் தொடங்கினார். அதற்கு முன்னர் அவர் கண்ணாடியிழையில் மலசலகூடக் குழித் தொட்டி செய்தவர். அதே சாமானில் மேலே ஒரு ஓடு, கீழே ஒரு ஓடு வார்த்து, இடுப்பில் சேர்த்து ஒட்டிவிட்டார். நீளம் 13 அடி, வெறும் எடை 450 கிலோ அளவில். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இதன் வழிவந்த ஸ்கேம்ப் என்ற ட்ரெய்லரை இன்னும் செய்கிறார்கள். எங்களுடையது லின்சே பக்கம் ஒரு பண்ணையில், ஆப்பிள் மரத்தின் கீழ் கிடந்தது. அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “இதென்ன மோனை, முட்டைக்குள்ள படுக்கச் சொல்லுறியோ?” என்றார். உள்ளே ஏறிக் கட்டிலில் இருந்து பார்த்த பிறகு அந்தப் பேச்சு நின்றது.

விற்ற பண்ணைக்காரர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: அச்சு அதனோடு பிறந்தது, இதுவரை மாற்றவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். ரயர்கள் சில்லுக்கூட்டுக்குள் பாதி புதைந்திருந்தன. பிரேமுக்கு ஜக் வைத்து உயர்த்தினால், நல்ல அச்சென்றால் ட்ரெய்லர் எழும்ப எழும்பச் சில்லு கீழே தொங்கிக்கொண்டு நிற்கும், கடைசியில்தான் நிலத்தை விடும். இங்கே ட்ரெய்லரும் சில்லும் ஒன்றாகவே எழும்பின.

இந்த அச்சுக்குள் ஸ்பிரிங் கிடையாது, இறப்பர்தான் இருக்கிறது. வெளியே ஒரு சதுரக் குழாய். அதற்குள் இன்னொரு சதுரக் கம்பி, மூலைக்கு மூலை பொருந்தாமல் 45 பாகை திருப்பி வைத்திருப்பார்கள். நாலு மூலை இடைவெளியிலும் நாலு இறப்பர் உருளைகள். சில்லைத் தாங்கும் கை அந்த உள்கம்பியோடு சேர்ந்தது. சில்லு குழியில் விழுந்து எழும்பும்போது கம்பி முறுகும், இறப்பர் நசுங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். கீச்சிடும் சத்தமில்லை, எண்ணெய் விடத் தேவையில்லை. ஆனால் இருபத்தைந்து முப்பது வருடத்தில் இறப்பர் இறுகிவிடும், ஓடாமல் நிறுத்தி வைத்தாலும் இறுகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு குழியும் நேரே பெட்டிக்குத்தான் அடிக்கும். போலரின் உள்அலுமாரிகளை வெளி ஓட்டோடு பிடித்து வைத்திருப்பவை ரிவெட்டுகள். அவை தளரும், தளர்ந்த துளையால் மழைத்தண்ணீர் இறங்கும். நிறையப் பேர் ஒழுக்கை அடைக்கப் பசையோடு அலைகிறார்கள், அச்சைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் இறப்பரை மட்டும் மாற்றினால் என்ன? நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் என் மாமாவிடம் ஓர் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. 1990களில் வடக்குக்குப் பெற்றோல் வராத காலத்தில் கார்பரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார் அது. ஸ்பிரிங் தகடு உடைந்தால், கழித்துப்போட்ட பஸ்ஸின் தகட்டை வெட்டி, கொல்லன் பட்டறையில் காய்ச்சி வளைத்துப் போடுவார்கள். புதுச் சாமான் என்ற பேச்சே இல்லை, கைவேலைதான் எல்லாம். அந்தக் காருக்குக் கீழே கிடந்து வளர்ந்தவனுக்கு ‘முழு அச்சையும் வெட்டி எறி, புதிது வாங்கு’ என்பது ஊதாரித்தனமாகவே கேட்டது. ஆனால் இந்த இறப்பர் குளிரூட்டிச் சுருக்கி, பெரிய அழுத்தத்தில் உள்ளே ஏற்றப்படுவது. கராஜில் வைத்துச் செய்யக்கூடிய காரியமில்லை. சரி, வெட்டி எறிய வேண்டியதுதான்.

அடுத்த வீட்டுக்காரர் ஒஷாவா கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அதுவரை எங்களுக்குள் பனி வழிக்கும்போது கையசைப்பதோடு சரி. ட்ரெய்லர் எங்கள் ட்ரைவ்வேயில் ஏறியதைக் கண்டவுடன் அளவுநாடாவோடு வந்துவிட்டார். அச்சு ஓர்டர் கொடுக்க என்னென்ன அளவு வேண்டும் என்று ஒரு மட்டையில் எழுதித் தந்தார். ஒரு பக்கம் ரயர் பூட்டும் ஹப் முகத்திலிருந்து மறுபக்க ஹப் முகம் வரை எவ்வளவு. பிரேமின் வெளிஅகலம் எவ்வளவு. ஹப்பில் எத்தனை போல்ட், எத்தனை அங்குல வட்டம். சுமை இல்லாதபோது கை எத்தனை பாகை சாய்ந்திருக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில். வீதிப் பலகைகளைக் கிலோமீற்றருக்கு 1977இலேயே மாற்றிவிட்ட நாடு இது, கராஜுகளுக்குள் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

சாய்வுக்கு 22.5 பாகை கீழ்நோக்கி என்று எழுதினோம். பழைய கை கிட்டத்தட்ட மட்டமாகக் கிடந்ததால் ட்ரெய்லர் சில அங்குலம் உயரும், ரயர் கூட்டில் உரசாது. எடையில்தான் கொஞ்சம் இழுபறி. கடையில் 3,500 இறாத்தல் தாங்கும் அச்சு கையிருப்பில் இருந்தது, அன்றே தூக்கிக்கொண்டு வரலாம். பலமானது நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 3,500க்குச் செய்த இறப்பர், எங்கள் முட்டையின் கீழ் அசையவே அசையாது. செத்த அச்சை எடுத்துவிட்டு இன்னொரு செத்த அச்சைப் பூட்டியது மாதிரித்தான். ட்ரெய்லரைச் சாமானோடு லொறித் தராசில் ஏற்றினோம். 650 கிலோவைச் சுற்றி வந்தது, அதாவது 1,400 இறாத்தலுக்குச் சற்று மேல். அதற்கு 2,000 இறாத்தல் அச்சு தாராளம். செய்து வர வாரக்கணக்கில் காத்திருந்தோம், பரவாயில்லை.

பிரேக்கும் சேர்த்தே எடுத்தேன். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள ட்ரெய்லருக்குத்தான் பிரேக் கட்டாயம், எங்களுடையது அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் ஹன்ட்ஸ்வில் தாண்டி மேடுபள்ளமாகப் போகிற பாதையில், பிள்ளைகளும் அம்மாவும் இருக்கிற வானை அரை டன் பின்னால் இருந்து தள்ளுவதை நான் விரும்பவில்லை. இப்போது பிரேக் வேண்டாம் என்கிறவர்களும் பிரேக் பூட்டும் தட்டோடாவது அச்சை வாங்கிக்கொள்வது புத்தி. பிறகு வெல்டிங் பண்ணிச் சேர்க்கப் போனால் சூடு இறப்பருக்குப் போய்விடும்.

பழைய அச்சு பிரேமோடு வெல்டிங் பண்ணப்பட்டிருந்தது. நாலு மூலையிலும் பிரேமுக்குக் கீழே தாங்கி வைத்து, சில்லுகளைக் கழற்றி, கிரைண்டரால் வெட்டினோம். போலரின் உள்சுவரில் ஒட்டியிருப்பது நுரைப் பஞ்சு, வெளியே இருப்பது பிசின் ஊறிய கண்ணாடியிழை. இரண்டுக்கும் பொறி பிடிக்கும். ஆகவே அடித்தளம் முழுக்க நனைத்த கம்பளி கட்டி, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்தோம். அச்சு விழுந்த பிறகுதான் பிரேமில் இரண்டு மயிர் வெடிப்புகள் தெரிந்தன. ஊத்தையைக் கம்பித் தூரிகையால் சுரண்டாமல் எவர் பார்த்தாலும் தெரிந்திராது. இந்த மாகாணத்தில் குளிர்காலம் முழுக்க வீதிக்குக் கொட்டுகிற உப்பு அப்படி.

வெல்டிங்குக்கு ஸ்காபரோவில் இருந்து ஓர் அண்ணை வந்தார். ஊரில் படகுக்காரர்களுக்கு இரும்புவேலை செய்தவர், இங்கே வந்து கனடிய வெல்டிங் பரீட்சை எழுதித் தகுதிப் பத்திரம் எடுத்து, பாலத்துக்கு இரும்பு செய்யும் இடத்தில் வேலை. முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு அச்சைத் தட்டிப் பார்த்தார்.

“தம்பி, இந்தக் குழாயில நெருப்புப் படக்கூடாது. உள்ளுக்க இறப்பர் கிடக்கு.”

“அப்ப எப்பிடி அண்ணை பிடிக்கிறது?”

“பிரேமுக்கு அச்சுத் தாங்கியைப் பொட்டு வைச்சுப் பிடிப்பம். அச்சைப் போல்ட்டில கொழுவி அளந்து பாப்பம். சரியெண்டா அச்சைக் கழட்டிப்போட்டு முழுசா ஒட்டுவம்.”

அந்த அளவெடுப்புத்தான் முழு வேலையின் உயிர். ட்ரெய்லரின் மூக்கில், வானோடு கொழுவும் இடத்தின் நடுவில் ஒரு நூலைக் கட்டி, இடப்பக்க ஸ்பிண்டிலின், அதாவது ஹப் ஏறுகிற முனைக் கம்பியின், நுனிவரை இழுத்து முடிச்சுப் போட்டோம். அதே நூலை வலப்பக்கம் கொண்டுபோனால் முடிச்சு அதே நுனியில் விழ வேண்டும். எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ட்ரெய்லர் நண்டு நடை நடக்கும், ரயர் ஒரு கோடையிலேயே தேய்ந்துபோகும். அண்ணை நூலைப் பிடிக்க, அயலவர் சுத்தியலால் அச்சை மெல்லத் தட்ட, முடிச்சு நகர்ந்து நகர்ந்து நுனிக்கு வந்தது. ஒருவருக்கு மற்றவரின் மொழி அரைகுறை. “ஸ்டொப்” என்ற ஒரு சொல் இருவருக்கும் போதுமாக இருந்தது.

பேரிங்குக்குக் கிறீஸ் ஏற்றும் வேலையை அயலவரே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இடது உள்ளங்கையில் கிறீஸை அப்பி, பேரிங்கின் அகன்ற வாயை அதில் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். உருளைகளுக்கு இடையால் மறுபக்கம் கிறீஸ் புழுக்கள் எட்டிப் பார்த்தால் உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப இறுக்கி, கம்பிப் பின்னைக் குத்தி வளைத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்து அவளுடைய முழங்கைவரை கிறீஸ். கூலி என்று நான் வாயெடுத்ததை இருவரும் காதில் வாங்கவில்லை. அண்ணைக்கு ஆட்டிறைச்சிப் புக்கை, அயலவருக்கு மனைவி செய்த மீன் கட்லட். பனி தொடங்கியதும் அண்ணையின் வீட்டு நிலக்கீழ் அறைக்குச் சுவர்ப்பலகை அடிக்க நானும் அயலவரும் போனோம். இந்தக் கூலி விலையில் சனம் வேறெப்படிச் சீவிக்கும்?

அல்கொன்குவின் பார்க்கில் தங்க இடம் பிடிப்பது தனி யுத்தம். ஐந்து மாதத்துக்கு முன்பே காலை ஏழு மணிக்குக் கணினிக்கு முன்னால் இருக்க வேண்டும். அங்கே மியூ லேக் முகாமில் மின்சாரம் உள்ள இடம் கிடைத்தது. புதுச் சில்லுகளின் நட்டுகளை முதல் 15, 40, 80 கிலோமீற்றர்களில் நிறுத்தித் திரும்ப இறுக்கச் சொல்வார்கள். நானும் நிறுத்தினேன். நிறுத்துகிற இடமெல்லாம் ஹப்பில் கைவைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுதான். நெடுஞ்சாலை 60இல் குழிகள் வந்தபோது பின்னால் ட்ரெய்லர் தாழ்ந்து எழும்புவது கண்ணாடியில் தெரிந்தது. முன்பெல்லாம் அது துள்ளும்.

மியூ லேக்கில் இறங்கி அரை மணி நேரம் ஆகியிராது, இரண்டு இடம் தள்ளி நிறுத்தியிருந்த ஒருவர் வந்தார். அவரிடமும் ஒரு போலர், அதுவும் தாழ்ந்துபோய் நின்றது. பெயர் ஊர் ஒன்றும் கேட்கவில்லை. “எத்தனை பாகை போட்டிருக்கிறீர்கள்?” என்றார். சொன்னேன். பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே ரோச் லைற்றோடு மல்லாந்து கீழே நுழைந்துவிட்டார். தாங்கியை எங்கே வாங்கினேன், பிரேமில் வெடிப்பு இருந்ததா, 2,000 போதுமா என்று ஒவ்வொன்றாகக் கேள்வி வெளியே வந்துகொண்டிருந்தது. அம்மா யன்னலால் எட்டிப் பார்த்தார்.

“ஆர் மோனை அது, எங்கட வீட்டுக்குக் கீழ படுத்திருக்கிறது?”

“அச்சுப் பாக்கிறார் அம்மா.”

“தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவெண்டு கேள்.”