சுஜோ நாட்குறிப்பு

மார்ச் 3
தலைமையகத்திலிருந்து பதில் வரவில்லை.

மார்ச் 4
போட்டி நிறுவனம் விலையை 12 விழுக்காடு இறக்கிவிட்டது. நாமும் இறக்க வேண்டும் என்கிறது தலைமையகம். இரவு, பழஞ்சீனத் தளபதி சன் சூவின் போர்க்கலை நூலில் மூன்றாம் அதிகாரத்தை மறுபடி படித்தேன். எதிரியின் திட்டத்தை முறியடிப்பது தலைசிறந்தது, கூட்டணியைக் கலைப்பது அடுத்தது, படையோடு மோதுவது அதற்கும் கீழே, மதில் சூழ்ந்த நகரை முற்றுகையிடுவது கடைசி. கேடயங்களும் வண்டிகளும் செய்ய மூன்று மாதம், மண்மேடு எழுப்ப மேலும் மூன்று மாதம். பொறுமை இழந்த தளபதி வீரர்களை எறும்புகளைப் போல மதிலில் ஏறவிட்டு, மூன்றில் ஒரு பங்கினரைப் பலிகொடுத்த பிறகும் நகரம் விழாமல் நிற்கும். விலைப்போரும் இத்தகைய முற்றுகைதான் என்று உறுதியாக நம்புகிறேன். நம் கையிருப்பு ஆறு மாதம்கூடத் தாங்காது.

மார்ச் 5
லட்சம் பேர் கொண்ட படைக்கு நாளொன்றுக்கு ஆயிரம் பொன் செலவாகும் என்று இரண்டாம் அதிகாரம் கணக்கிடுகிறது. எங்கள் கணக்குப் பிரிவு அனுப்பிய தாளையும் அதே பக்கத்தில் வைத்து மூடினேன்.

மார்ச் 7
தலைமையகத்திலிருந்து தொலைபேசி. விலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சரக்குத் தாமதத்துக்காக இரண்டு குழுத் தலைவர்களை நீக்கினால் மற்றவர்கள் ஒழுங்குக்கு வருவார்கள் என்ற அதிகாரி, அதற்குச் சன் சூவையே சான்றாகக் காட்டினார். வூ நாட்டு மன்னர் ஹெலூ, அந்தப்புரப் பெண்கள் 180 பேருக்குப் போர்ப்பயிற்சி தரச் சொன்னார். முரசு முழங்கியபோது அவர்கள் சிரித்தார்கள். மன்னர் மன்றாடியும் கேளாமல், அணித்தலைவிகளாக நின்ற அவருடைய பிரியத்துக்குரிய இருவரின் தலைகளைச் சன் சூ வெட்டச் செய்தார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

மார்ச் 9
ஹெலூவின் தலைநகரம் இந்தச் சுஜோ நகரம்தான். அவர் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் புலிக்குன்றுக்குப் போய், வாள்குளத்தின் அருகே மழையில் நெடுநேரம் நின்றேன். அந்த இரு பெண்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10
விலையால் வென்றவர்களும் உண்டே என்று உதவியாளர் கேட்டார். 2003-இல் ஹாங்ஜோவில் தொடங்கிய தாவ்பாவ் என்ற இணையச் சந்தை, அதன் அமெரிக்கப் போட்டியாளரான இபே கட்டணம் வாங்கிய இடத்தில் விற்பனையாளர்களிடம் எதுவும் வாங்கவில்லை. பெரிய தளங்களின் விளம்பர வாசல்கள் அடைபட்டிருந்ததால் சிறிய தளங்களில் விளம்பரம் செய்தது. அதைத் தாங்கும் முதலீடு அவர்களிடம் இருந்தது. காவல் இல்லாத இடத்தைத் தாக்கு என்பது ஆறாம் அதிகாரம். நம் எதிரியின் காவல் இல்லாத இடம் விநியோகக் காலமே என்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

மார்ச் 11
வீரர்கள் தளபதிமேல் பற்றுக்கொள்ளும் முன்பே தண்டித்தால் அவர்கள் பணிய மாட்டார்கள் என்று ஒன்பதாம் அதிகாரம் சொல்கிறது. வாளோடு வரும் கதையோ நூலில் இல்லை; சில நூற்றாண்டுகள் கழித்துச் சீமா சியான் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. நீக்கச் சொன்ன குழுத் தலைவர்கள் இருவரில் ஒருவர் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஆனால் பற்று வந்த பிறகும் தண்டிக்காவிட்டால் அந்தப் படை பயன்படாது என்று அடுத்த வரியே சொல்கிறது. நான் இரக்கப்படுகிறேனா, அஞ்சுகிறேனா?

மார்ச் 12
கதையில் அந்த அதிகாரி சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் இருக்கிறது. முதல் முறை அவர்கள் சிரித்தபோது, கட்டளை தெளிவாக இல்லையென்றால் குற்றம் தளபதியுடையது என்று கூறி, சன் சூ மறுபடியும் விளக்கினார். பிப்ரவரிக் கோப்பைத் திறந்தேன். ஒரே வாரத்தில் இரண்டு உற்பத்தி அட்டவணைகள் போயிருக்கின்றன. இரண்டிலும் என் கையொப்பம்.

மார்ச் 13
ஒன்பது மணிக்கு இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அட்டவணைகளை மேசைமேல் எடுத்து வைத்தாயிற்று.